பந்தில் விரல் பட்டதா?

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கடலை அறுவடை முடிந்த தை மாதம். இடம், அரியலூர் ரயில் நிலையத்தில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டல். அங்கேதான் என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக நான் ஒரு விளையாட்டுக்கு விசில் ஊதினேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, லாரிக்காரர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். லாரிகள், எண்ணெய் மில், மெயின் ரோட்டில் கட்டடம் எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. அப்பா விட்டுப்போனது ஒரு ஜோடி மாடும், அச்சு தேய்ந்த ஒரு வண்டியும்தான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குமேல் வாத்தியாரால் என்னைத் தாங்க முடியவில்லை. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பேன். அந்த ஏன்தான் எனக்குச் சோறு போட்டது. ஊரில் எத்தனையோ பேர் வண்டி ஓட்டினார்கள். ஏன் என்று கேட்டவன் நான் ஒருவன், லாரி வாங்கியவனும் நான் ஒருவன்.

அப்போது எனக்கு மீசை அரும்பி முடிந்த வயது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. கடலை மூட்டையை அரியலூருக்குக் கொண்டுபோய்த்தான் வேகனில் ஏற்ற வேண்டும். யுத்தம் நடந்ததால் வேகன் சரியாகக் கிடைக்காது. கூட்ஸ் ஷெட் வாசலில் வண்டிகள் தேர்த் திருவிழாபோல வரிசை கட்டி நிற்கும். சில சமயம் நாள் கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும்.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. கேட் திறந்திருக்கிற நேரத்தில் வரிசையில் நிற்பவன் மாட்டை அவிழ்க்கக் கூடாது. நுகத்தில் மாடு இருக்கிறவரை அவனுக்கு முறை உண்டு. அவிழ்த்துவிட்டால் முறை போயிற்று, வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைசிக்குப் போக வேண்டும். நடுவில் ஒருவன் அவிழ்த்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டால் பின்னால் நிற்பவன் எல்லாம் என்ன செய்வான்? அதற்காக வந்த வழக்கம் அது.

ஒருநாள் செட்டிகுளத்து வெங்காய வண்டி ஒன்று பின்னாலிருந்து வந்து என் வண்டியில் முட்டியது. பூட்டாங்கயிறு அறுந்து என் இடப்பக்கத்து மாடு நுகத்தை விட்டுக் கழன்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் உடனே கூச்சல் போட்டார்கள்.

"பெரம்பலூரு! மாடு கழண்டு போச்சுல்ல, வண்டியத் திருப்பு!"

"நானா கழட்டுனேன்? அவரு முட்டுனாருய்யா!"

வரிசையில் மூத்தவர் ஒருவர் இறங்கி வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே வெங்காய வண்டிக்காரரிடம் போனார்.

"ஏம்ப்பா, முட்டுனியா?"

"முட்டுனேன் மாமா. மாடு மெரண்டுருச்சு."

"சரி. டேய் பெரம்பலூரு, பூட்டிக்க. ஒன் மொறை ஒனக்கு."

அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. பத்து சாட்சி கத்தினாலும் கேட்பது முட்டினவனைத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் தண்டவாளத் துண்டு இரண்டை எதிரும் புதிருமாக நட்டு, உச்சியில் பலகை அடித்து, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிக்கிற கொல்லரிடம் வளையம் செய்து மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் அங்கே ஒரு பந்தைப் போட்டு ஆடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் பார்சல் ஆபீஸ் கிளார்க். மெட்ராஸில் படித்தபோது கற்றுக்கொண்டாராம். கூடைப்பந்து என்ற பெயரை முதலில் அவர் வாயால்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எதிர்க்கட்சி வரும். ஏலாக்குறிச்சி போகிற வழியில் ஒரு வேதக்காரர் கிராமம், எல்லோரும் கிறிஸ்தவர்கள். அங்கே கோயில் சாமியாருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். திருச்சியில் படித்தவர். அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவரே பந்தைத் தட்டுவார். அவரிடம் கற்றுக்கொண்ட விவசாயிகள் நடந்தே வந்து ஆடிவிட்டு நடந்தே போவார்கள்.

முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் பந்து இருக்கிறது, எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதானே? அதைத் தரையில் போட்டு அடித்துக்கொண்டே ஓடுகிறான். ஓடிக்கொண்டிருந்தவன் இரண்டு கையாலும் பிடித்து நின்றான். மறுபடி தட்டிக்கொண்டு கிளம்பினான். உடனே எல்லோரும் தப்பு தப்பு என்கிறார்கள். பந்தைப் பிடுங்கி எதிர்க்கட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தலை வெடித்துவிடும்போல ஆகிவிட்டது. அவன் என்ன தப்புச் செய்தான்?

கிளார்க்கிடம் போய் நின்றேன்.

"சார், முன்னாடி தட்டுனப்ப தப்பில்ல. நின்னுட்டுத் தட்டுனா மட்டும் என்னங்க தப்பு?"

"ரூல் அப்படிய்யா."

"ஏன் சார் ரூல் அப்படி?"

"கடலை மூட்டைக்கு வேகன் வந்துச்சான்னு கேளு, சொல்றேன். இதெல்லாம் ஒனக்கு எதுக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடுகிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை சாமியாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தட்டிக்கிட்டே போறவனுக்கு எல்லா சலுகையும் இருக்கு. ஓடலாம், திரும்பலாம், ஏமாத்தலாம். ரெண்டு கையால பிடிச்சுட்டான்னா அந்தச் சலுகையை அவனே முடிச்சுக்கிட்டான்னு அர்த்தம். அப்புறம் வளையத்துல போடணும், இல்ல கூட ஆடுறவனுக்குக் குடுக்கணும். இஷ்டத்துக்கு நிக்கலாம், இஷ்டத்துக்குப் போகலாம்னா எதிராளிக்குப் பந்து என்னைக்குங்க கிடைக்கும்?"

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இது எங்கள் வண்டி வரிசை அல்லவா! தட்டுவது மாடு பூட்டியிருக்கிற மாதிரி. இரண்டு கையால் பிடித்தால் மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி. அவிழ்த்தவனுக்கு மறுபடி முறை கிடையாது. மெட்ராஸில் படித்தாலும் சரி, கூட்ஸ் ஷெட் வாசலில் நின்றாலும் சரி, நியாயம் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதன்பிறகு எனக்கு அதே வேலைதான். வண்டியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு எல்லைக்கோட்டில் குந்திக்கொண்டு கையை மட்டும் பார்ப்பேன். பந்து போனால் போகட்டும், கை என்ன செய்கிறது? பார்க்கப் பார்க்க ஒரு வேடிக்கை பிடிபட்டது. ஷெட்டுக்காரர்கள் மூட்டை தூக்குகிறவர்கள். எதைத் தொட்டாலும் இரண்டு கையும் சேர்ந்தே போகும். தட்டிக்கொண்டு வருகிறவன் நடுவில் தன்னையறியாமல் மற்றக் கையையும் வைத்துவிட்டு மேற்கொண்டு தட்டுவான். கிராமத்துக்காரர்கள் களத்தில் நெல் அள்ளுகிறவர்கள். அவர்கள் கை பந்துக்கு அடியில் போய் ஏந்தும். ஏந்தினாலும் தட்டுவது முடிந்தது என்றுதான் கணக்கு. உள்ளங்கை பந்தின் தலைமேல் இருக்க வேண்டும், வயிற்றுக்கு அடியில் போகக் கூடாது. இரண்டு கட்சிக்கும் இரண்டு விதமான தப்பு. தொழில் கையில் ஒட்டிக்கொண்டு ஆட்டத்துக்கும் வந்துவிடுகிறது. இதை நான் சொன்னபோது கிளார்க்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடேங்கப்பா. வண்டிக்காரரு கண்ணு கழுகுக் கண்ணால்ல இருக்கு!"

அன்றிலிருந்து வாய்யா என்பது வாங்க என்று மாறியது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த நேரத்தில்தான் சாமியாருக்கு மாற்றல் வந்தது. வடக்கே எங்கேயோ ஒரு பங்குக் கோயிலுக்குப் போக வேண்டும். பந்து அவருடையது. தோல் பந்து. செருப்புக்குக் கயிறு கட்டுகிற மாதிரி வாயில் கயிறு கோத்திருக்கும். உள்ளே இருந்த ரப்பர் பையில் சைக்கிள் ட்யூப் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ரப்பரைவிட ஒட்டுதான் அதிகம். ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் புதிதாக வாங்க வழியே இல்லை. திருச்சிக்கே ஆள் அனுப்பிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்துக்கே அந்த ஒரு பந்துதான். அது எந்தக் கட்சியிடம் இருக்கிறதோ அந்தக் கட்சி ஆடலாம். மற்றக் கட்சிக்கு ஆட்டம் அன்றோடு சரி.

"பந்தை நான் எடுத்துட்டுப் போகல. ஆடுங்க. ஜெயிக்கிறவங்க வெச்சுக்குங்க" என்று சாமியார் சொல்லிவிட்டார்.

யார் விசில் ஊதுவது என்பதில் சண்டை வந்தது. சாமியார் ஊதினால் ஷெட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிளார்க்கோ ஆட்டக்காரர்.

"ஒங்க ஆளுங்களுக்கு நீங்களே ஊதுவீங்களா சாமி? நல்லாருக்குங்க நியாயம்!" என்றான் ஒரு மூட்டைக்காரன்.

"அப்ப ஒங்க ஸ்டேஷன் மாஸ்டரு ஊதுவாரா? அவரு பச்சைக் கொடி காட்டுனா நீங்க மட்டும் போவீங்க!" என்றான் கிராமத்தான் ஒருவன்.

சாமியார் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என்மேல் நின்றது.

"நம்ம பெரம்பலூராரு ஊதட்டுமே. ரெண்டு பக்கமும் சொந்தமில்ல. தினம் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காரு."

கூட்ஸ் வண்டியில் வந்த கார்டு ஒருவர் தன் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கலெக்டர்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

ஆட்டத்தன்று பொட்டல் கொள்ளாத கூட்டம். ஒரு பக்கம் கிராமமே திரண்டு வந்திருந்தது, பெண்கள் கட்டுச்சோற்றோடு. இன்னொரு பக்கம் ஷெட்டுக்காரர்கள், கடைத்தெருக்காரர்கள், வரிசை வண்டிக்காரர்கள். தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் ஸ்டேஷன் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்ததும் மணியடிப்பது அவர் வேலை.

முதல் விசில் நான் ஊதியது, ஷெட்டுக்காரன் ஒருவன் இரண்டு கை வைத்துவிட்டுத் தட்டியதற்கு.

"யோவ், எங்கய்யா ரெண்டு கை? கடலை தின்னுக்கிட்டே பாத்தியா?"

"இடது கை பெருவிரலு. ஒனக்கே தெரியும். பந்தை வை."

வைத்தான். அடுத்தது கிராமத்தான் ஒருவன் பந்தை ஏந்தியதற்கு. அந்தப் பக்கம் ஒரு அம்மா எழுந்து நின்று, "நீ மாட்டுக்குத் தீனி வையி, போ!" என்று கத்தினார். அவர் பையன்தான் ஏந்தியவன் என்று பிறகு தெரிந்தது. எதற்கும் நான் அசையவில்லை. கை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆட்டம் முடிகிற நேரம். ஷெட்டுக் கட்சி ஒரு பாயிண்டு முன்னால் நின்றது. வளையத்தில் ஒருமுறை விழுந்தால் இரண்டு பாயிண்டு. பந்து கிராமத்தில் ஒரு நெட்டைப் பையனிடம் வந்தது. தட்டிக்கொண்டே வளையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். கிளார்க் குறுக்கே பாய்ந்தார். நெட்டையன் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து நின்றான். இனி அவன் தட்டக் கூடாது. கிளார்க் கையை வீசினார். பந்து நெட்டையன் கையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவன் ஒரு கையால் அதைத் தட்டி, இன்னும் ஒரு தட்டுத் தட்டி, வளையத்துக்கு அடியில் போய் எறிந்தான். விழுந்துவிட்டது. மணியும் அடித்துவிட்டது.

"ரெண்டாந்தட்டு! ரெண்டாந்தட்டு! செல்லாது!" என்று ஒரு பக்கம் இடிந்தது.

"அவரு தட்டி வுட்டாரு! செல்லும்!" என்று மறுபக்கம்.

விசில் என் வாயில் இருக்கிறது. ஊதினால் வளையத்தில் விழுந்தது செல்லாது, பந்து ஷெட்டுக்கு. ஊதாவிட்டால் பந்து கிராமத்துக்கு. ஏதோ ஒரு ஊர் இனி ஆடப்போவதில்லை. எல்லாம் ஒன்றே ஒன்றில் நிற்கிறது. பந்து தானாக நழுவியதா, கிளார்க்கின் கை பட்டு நழுவியதா?

நெட்டையனின் முதுகு எனக்கு மறைத்துவிட்டது. கை வீசியதைப் பார்த்தேன், பந்து விழுந்ததைப் பார்த்தேன். நடுவில் இருந்ததைப் பார்க்கவில்லை. அத்தனை நாள் கையையே பார்த்துக்கொண்டிருந்த நான், பார்க்க வேண்டிய ஒரு கையைப் பார்க்கவில்லை.

அதுமட்டுமல்ல, எதிராளி கை பட்டு நழுவினால் என்ன சட்டம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சாமியாரைப் பார்த்தேன். தான் வாய் திறந்தால் தன் ஊருக்குப் பேசியதாகிவிடும் என்று அவர் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பி ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. மூட்டைக் கொக்கியோடு சிலர் நின்றதும் கண்ணில் பட்டது.

அப்போது என் காதில் அந்தக் குரல் கேட்டது. ஏம்ப்பா, முட்டுனியா?

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். நெட்டையன் ஓடி வந்து, "அண்ணே, அவரு கை பட்டுச்சுண்ணே, சத்தியமாண்ணே" என்று என் தோளைப் பிடித்தான். அவனை விலக்கிவிட்டுக் கிளார்க்கிடம் போனேன்.

"சார், பந்துல ஒங்க கை பட்டுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்து அவருடையது. அந்த ஆட்டத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பட்டுச்சு" என்றார்.

"சார்! என்ன சார் சொல்றீங்க?" என்று ஒருவன் அழாத குறையாகக் கேட்டான்.

"வெரல் பட்டுச்சுய்யா. பட்டுதான் நழுவுச்சு."

நான் திரும்பி, என் முழுத் தொண்டையில் சொன்னேன். "அவனா அவுக்கல. இவரு முட்டி அவுந்துச்சு. அவனுக்கு மொறை உண்டு. செல்லும்!"

ஆட்டக்காரர்களுக்கு அது என்ன பேச்சு என்று புரிந்திருக்காது. எங்கள் வரிசை வண்டிக்காரர்கள் மட்டும் ஆமாம் ஆமாம் என்று கைதட்டினார்கள். சாமியார் அப்போதுதான் திரும்பினார். எதிராளி கை பட்டுவிட்டால் பந்தைப் புதிதாகத் தட்டலாம், சட்டமும் அதுவேதான் என்று சொல்லி என் முதுகில் தட்டினார். கிராமத்துக்காரர்கள் பந்தை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைத் திட்டிய அம்மா திரும்பி வந்து ஒரு கைப்பிடிக் கட்டுச்சோற்றை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பொட்டல் காலியானது. கிளார்க் வளையத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அவனைக் கேட்டிருக்கலாமே. கூட்டத்தைக் கேட்டிருக்கலாமே. ஏன் என்னைக் கேட்டீங்க?"

வண்டி வரிசை வழக்கத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"ரூல் அப்படியா?"

"ரூல் அப்படிதாங்க சார்."

பிறகு எனக்கு அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். "சார், நான் கேக்கலைன்னா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"சொல்லியிருக்க மாட்டேன். நீங்க ஊதியிருந்தா பந்தை எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். நீங்க மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டீங்க. வேற என்ன செய்யிறது?"

சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். மறுநாள் காலை என் மூட்டைகளுக்கு வேகன் கிடைத்தது. அவர் எப்போதும்போலக் கணக்குப் போட்டு ரசீது எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை நான் போனபோது அந்த வளையத்தில் ஒரு சட்டையைக் காயப் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன். லாரி மோதின வழக்கு, வரப்பு வழக்கு, பங்காளி வழக்கு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைக் கேட்காமல் தீர்ந்தது குறைவு. சாட்சியைக் கடைசியில்தான் கூப்பிடுவேன். முதலில் முட்டினவனுக்கு எதிரே போய் நின்று, முட்டினாயா என்று கேட்பேன். எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. பொய் சொன்னவனும் உண்டு, என்னை அடிக்க வந்தவனும் உண்டு. ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன்போல, ஆமாம் என்று சொல்லிவிட்டவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

எதற்கும் ஏன் என்று கேட்டுப் பதில் வாங்காமல் விடாதவன் நான். ஆனால் தோற்றுப்போவோம் என்று தெரிந்தும் ஒரு மனிதன் ஒரு கேள்விக்காக ஏன் உண்மையைச் சொல்லிவிடுகிறான் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காமலே, ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டலில் விசிலை வாயிலிருந்து எடுத்த அதே மனதோடுதான் போய்க் கேட்கிறேன்.